சேது நாட்டு வணிகம் – 11: கருப்பட்டிக்கு யார் முதலாளி?

அரசியல் வரலாறு படித்தவர்களுக்குச் சாயல்குடி என்றால் 1933தான் நினைவுக்கு வரும். அங்கே விவேகானந்தர் வாசகசாலை ஆண்டு விழாவில் முத்துராமலிங்கத் தேவர் முதன்முதலாக மேடையேறிப் பேசினார் என்பது ஊரறிந்த செய்தி. நம் தொடருக்கு அந்த மேடையைவிட, அதே ஊர்க் கடைத்தெருவில் கைமாறிக்கொண்டிருந்த கருப்பட்டிதான் முக்கியம்.

சென்ற வாரம் கீழக்கரையில் இருந்தோம். பெரியதம்பி மரைக்காயரிடம் சொந்தக் கப்பல் இருந்தது, கிழவன் சேதுபதியின் ஆதரவு இருந்தது, டச்சுக்காரர்களோடு மல்லுக்கட்டும் தெம்பும் இருந்தது. உமறுப் புலவரை ஆதரிக்கும் அளவுக்குச் செல்வமும் இருந்தது. அப்படிப்பட்டவரைப் பெருவணிகர் என்று சொல்ல யாரும் யோசிக்க மாட்டார்கள். கீழக்கரையிலிருந்து கடற்கரையோரமாகவே தென்மேற்கே வந்தால் ஏர்வாடி, வாலிநோக்கம், ஒப்பிலான், மாரியூர், மூக்கையூர், நரிப்பையூர் என்று போய், இராமநாதபுரம் மாவட்ட எல்லையைத் தாண்டி வேம்பாரில் நிற்போம். சாயல்குடியை ஒட்டிய இந்தக் கரையில் கப்பல் முதலாளி இல்லை, அரண்மனைச் செல்வாக்கு பெற்ற வணிகர் இல்லை. மணல் இருக்கிறது, உப்புக் காற்று இருக்கிறது, பனை இருக்கிறது. வணிகம் இங்கேயும் நடந்தது. நடத்தியவர்களின் பெயர்தான் எந்தச் செப்பேட்டிலும் ஏறவில்லை.

பனைதான் இந்தக் கரையின் முதல். கண்மாய் வறண்டாலும் அது நிற்கும். தமிழ்நாட்டில் சுமார் 5 கோடிப் பனை என்பது அரசு சொல்லும் கணக்கு. அதில் பெரும் பங்கு தென் மாவட்டக் கரையோரத்தில்தான். மாசிக் கடைசியில் பாளை விட்டால் ஆடி வரை பதநீர். மற்ற மாதங்களில் மரத்துக்கு ஓய்வு, பனையேறிக்குப் பட்டினி. இந்த வணிகத்தின் மொத்தச் சூட்சுமமும் அந்தப் பட்டினி மாதங்களில்தான் இருக்கிறது. அதற்கு முன் தொழிலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடுவோம்.

விடிவதற்கு முன்பே பனையேறி கிளம்பிவிடுவார். இடுப்பில் அரிவாள் பெட்டி, அதற்குள் பாளை அரிவாள், பாளையை நசுக்கிப் பக்குவப்படுத்தும் கடிப்பு, சுண்ணாம்பு. காலில் தளைநார். மரத்தில் சாய்த்து ஏற மிருக்குத்தடி. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மரம் ஏறுகிறவர் சாதாரணம். அதையும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. பாளையின் நுனியை அரிசி கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், லேசாகச் சீவினால் ஊறாது. கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்புக்கும் கணக்கு உண்டு. குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும், கூடினால் கருப்பட்டியின் சுவை கெட்டுவிடும். இதற்கெல்லாம் அளவுகோல் கையும் நாக்கும்தான்.

பதநீர் விடிலிக்கு வந்து சேர்ந்ததும் வேலை பெண்கள் கைக்கு மாறுகிறது. ஓலைக் குடிசைக்குள் அனலோடு அனலாக நின்று மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள். பாகு இறக்கும் பதத்தை எட்டிவிட்டதா என்று பார்க்க, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் இறக்கு. பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தால் நாம் கடையில் பார்க்கும் அந்த அரைக்கோள வடிவம் வந்துவிடும். ஈரம் பட்டால் கசிந்துவிடும் சரக்கு என்பதால் அடுப்புப் புகை படும்படி பரணில் ஏற்றி வைப்பதும் உண்டு.

இந்தக் கட்டத்தில்தான் வியாபாரி உள்ளே வருகிறார். உண்மையில் அவர் நான்கைந்து மாதத்துக்கு முன்பே உள்ளே வந்துவிட்டார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பனையேறி வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். “அண்ணாச்சி, தை வரைக்கும் ஓட்டணும்” என்று போய் நிற்பவருக்கு முன்பணம் கிடைக்கும். சிட்டையில் எழுதிக்கொள்வார்கள். வட்டி என்று தனியாக ஒரு காசு எழுத மாட்டார்கள். ஒரே நிபந்தனை, சீசனில் காய்ச்சும் கருப்பட்டி முழுவதும் இந்தக் கடைக்கே வர வேண்டும், கடைக்காரர் சொல்லும் விலையில்.

வட்டி அந்த விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பேச்சுக்கு, சீசனில் சந்தை விலை கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் வாங்கியவர் கணக்கில் 85 என்று ஏறும். அதே சரக்கு மழைக் காலத்தில், புதுக் கருப்பட்டி வராத நாளில், 140க்குப் போகும். 85க்கும் 140க்கும் நடுவில் இருக்கும் தொகையைப் பார்த்து வியாபாரியைக் கொள்ளைக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மழையில் கருப்பட்டி கசிந்தால் நஷ்டம் அவருக்கு. விலை ஏறாமல் போனால் அவருக்கு. முன்பணம் வாங்கியவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டால் அந்தப் பணமும் போனதுதான். வாங்கும் விலை வியாபாரிக்குத் தெரியும். விற்கும் விலை அவருக்கும் தெரியாது.

பாரிசில் வங்கி நடத்திய ரிச்சர்ட் காண்டில்லான் என்ற அயர்லாந்துக்காரர், தொழில்முனைவோர் என்றால் யார் என்பதற்கு ஏறக்குறைய இதே விளக்கத்தைத்தான் சொன்னார். தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்கத் துணிகிறவரே அவர். காண்டில்லான் இறந்து இருபது வருஷத்துக்குப் பிறகு 1755இல் வெளிவந்த நூலில் இது இருக்கிறது. அவருடைய பட்டியலில் பெரிய வணிகர்கள் மட்டுமில்லை, தண்ணீர் சுமந்து விற்பவர்கூட உண்டு. கூலி நிச்சயமில்லாத எவரும் அவருக்குத் தொழில்முனைவோர்தான். அந்தக் கணக்கில் பனையேறியும் ஒரு முதலாளியே. எத்தனை கலயம் நிறையும், மழை எப்போது கெடுக்கும், கருப்பட்டி என்ன விலை போகும், எதுவும் அவருக்கு நிச்சயமில்லை. முன்பணம் வாங்கிய நாளில் இதில் ஒன்று மட்டும் நிச்சயமாகிறது, விலை. அது எப்போதும் கீழ்விலையாகவே நிச்சயமாகிறது. மழையும் காற்றும் மரத்தின் உயரமும் அவரிடமே மிஞ்சுகின்றன.

1911இல் ஜோசப் ஷும்பீட்டர் வந்து காண்டில்லானை மறுத்தார். ஆபத்தைத் தாங்குவது தொழில்முனைவோரின் வேலை இல்லை, அது கடன் கொடுத்தவரின் தலைவலி. இருக்கிற பொருளையும் உழைப்பையும் புதிய விதத்தில் இணைக்கும் ‘புதிய சேர்க்கை’யை உண்டாக்குவதுதான் தொழில்முனைவோரின் வேலை என்றார். நான் இரண்டு பேரையும் சாயல்குடிக்குக் கூட்டி வர ஆசைப்படுகிறேன். இங்கே கடன் கொடுப்பவரும் வியாபாரியும் ஒரே ஆள். ஆபத்தில் ஒரு பங்கு அவரிடம், பெரும் பங்கு மரத்தின் உச்சியில். புதிய சேர்க்கை எங்கே நடந்தது என்று கேட்டால், அதற்கு நாம் கரையை விட்டு வடக்கே போக வேண்டும்.

1801இல் பாளையக்காரர் போர் முடிந்தது. 1803இல் இராமநாதபுரம் ஜமீன் நிரந்தர வரித் திட்டத்துக்குள் வந்தது. பாளையங்களுக்குள் நடந்த சண்டைகள் ஓய்ந்ததும், தெற்கே திருநெல்வேலிப் பனங்காட்டுப் பகுதியிலிருந்து நாடார் வணிகர்கள் பொதிமாடுகளோடும் பிறகு மாட்டு வண்டிகளோடும் வடக்கே வரத் தொடங்கினார்கள். சரக்கு பெரும்பாலும் கருப்பட்டி, உப்பு, கருவாடு, புகையிலை. போர் ஓய்ந்ததே தவிர, வழிப்பறி ஓயவில்லை. ஒற்றை வண்டி இருட்டில் போவது தற்கொலைக்குச் சமம். அதனால் வழியில் ஆங்காங்கே மதில் சூழ்ந்த இடத்தை வாங்கி, வண்டியும் மாடும் சரக்கும் ஆளும் இரவில் தங்க ஏற்பாடு செய்தார்கள். அதுதான் பேட்டை. சிவகாசி, இன்று விருதுநகர் எனப்படும் விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகியவை இப்படி வளர்ந்தன. இன்றும் அந்த வட்டாரத்தில் ஆறு ஊர் நாடார்கள் என்ற பேச்சு உண்டு.

பேட்டைக்கு மதில் கட்ட, கிணறு வெட்ட, காவலுக்கு ஆள் வைக்கப் பணம் வேண்டும். யாரோ ஒரு தர்மவான் கொடுக்கவில்லை. பேட்டைக்குள் வரும் ஒவ்வொரு சரக்குக்கும் சிறு தொகை கழித்து வைத்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். அதை வசூலிக்கவும் கணக்குக் காட்டவும் உறவின்முறை. முறை வைத்துப் பொறுப்பேற்றவர்கள் முறைகாரர்கள். ஷும்பீட்டர் தேடிய புதிய சேர்க்கை என்று நான் இதைத்தான் சொல்வேன். தனியொரு வியாபாரி துணிச்சல்காரராக இருந்திருக்கலாம். ஆனால் வண்டி கொள்ளை போனாலும் மறுநாள் எழுந்து நிற்க முடியும் என்ற தைரியத்தை அவருக்குக் கொடுத்தது அடுத்த வண்டிக்காரரும் போட்ட மகமைக் காசு. தொழிலதிபர்களின் வாழ்க்கை வரலாறுகளில் ‘வெறுங்கையோடு வந்தார்’ என்ற வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேட்டை மதில் ஞாபகம் வரும். வெறுங்கையோடு வந்திருக்கலாம், தனியாக வந்திருக்க வாய்ப்பில்லை.

மகமை மதிலோடு நிற்கவில்லை. விருதுபட்டியில் வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் சேர்ந்தது. 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. காமராஜர் படித்த பள்ளி. காசு சேரச் சேர, அந்தக் காசுக்கேற்ற மரியாதையும் வேண்டும் என்ற கேள்வி வந்தது. அது எளிதில் கிடைக்கவில்லை. சாயல்குடிக்கு வடமேற்கே கமுதியில், மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் தடையை மீறி நாடார்கள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரைத் தர்மகர்த்தா என்ற முறையில் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பத் துணை நின்ற அதே சேதுபதிதான். மதுரைச் சார்பு நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம், கடைசியில் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் என்று மூன்று படியிலும் நாடார்கள் தோற்றார்கள். நடுவில் 1899இல் நாடார்களுக்கு எதிரான கலவரத்தில் சிவகாசி எரிந்தது. லண்டன் வரை வழக்காடப் பணம் இருந்தது. அந்தப் பணத்தால் கோயில் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. பொருளாதாரத்தில் வணிகரின் இடம் என்று எழுதுகிறவர்கள் இந்த வழக்கையும் சேர்த்து எழுத வேண்டும். சந்தையில் கிடைத்த இடம் சமூகத்தில் கிடைக்க இன்னும் 30 வருஷம் ஆனது.

சரி, சாயல்குடி ஏன் விருதுநகர் ஆகவில்லை? மரம் இங்கே, பதநீர் இங்கே, காய்ச்சிய கையும் இங்கே. லாபத்தின் பெரும்பகுதி எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி ஏன் மாடமாளிகையாக நின்றது?

முதல் காரணம் தண்டவாளம். 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. விருதுபட்டியும் சாத்தூரும் அதன் மேல் உட்கார்ந்துகொண்டன. கிழக்கே, மண்டபத்துக்குப் போகும் பாதை 1902இல் வந்தது, 1914இல் பாம்பன் பாலமும் வந்தது. இரண்டு பாதைக்கும் நடுவில் சாயல்குடி விடுபட்டுவிட்டது. கடற்கரையோர ரயில் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இன்று வரை அங்கே ரயில் கூவியதில்லை. பெருநாழி, கமுதி வழியாக அருப்புக்கோட்டைக்கு வண்டி கட்டினால்தான் சரக்குக்குச் சந்தை. அப்போது விலை சொல்பவர் சாயல்குடிக்காரராக இருக்க முடியாது.

தண்டவாளம் மட்டும் காரணம் என்றால் அருப்புக்கோட்டை வளர்ந்ததற்குப் பதில் சொல்ல முடியாது. அங்கே ரயில் வெகு காலம் கழித்துத்தான் வந்தது. ஆனால் அங்கே கரிசல் மண் இருந்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றபோது, இந்தியப் பருத்தியின் விலை எகிறியது. கருப்பட்டியிலும் புகையிலையிலும் சேர்த்த முதலைக் கரிசல் நாட்டு வணிகர் பருத்தியில் போட்டார், நெசவில் போட்டார். சாயல்குடி மணலில் பருத்தி இல்லை. சாயல்குடியில் சேர்ந்த முதல் அடுத்த சரக்கைத் தேடி ஊரை விட்டு வெளியே போனது. பனங்காட்டுக் கரைக்குக் கிடைத்த ஒரே கூடுதல் வரவு தும்பு. ஐரோப்பாவில் தூரிகை செய்யப் பனந்தும்பு தேவைப்பட்டதால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து அது கப்பலேறியது. அதிலும் கப்பல் ஏற்றியவர் கை மேலே, மட்டை கிழித்தவர் கை கீழே.

வெளியே போன முதல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி தூத்துக்குடியில் இருக்கிறது. 1910இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கத்தில், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்ற பேச்சு 1920இல் எழுந்தது. 1921 மே மாதம் நாடார் வங்கி பதிவானது, நவம்பரில் தூத்துக்குடியில் கடையைத் திறந்தது. 1937இல் கொழும்பில் ஒரு கிளை போட்டு, இரண்டே வருஷத்தில் மூடினார்கள். 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 2022இல் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. பேட்டைக்குள் ஒருவர் காசு இன்னொருவரைத் தாங்கிய அதே ஏற்பாடுதான் சட்டப்படி பதிவான கம்பெனியாக வளர்ந்தது. வியாபாரிக்கு இனி முன்பணம் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. பனையேறிக்கு அப்படியொரு வாசல் திறக்கவில்லை. அடமானம் வைக்க அவரிடம் என்ன இருக்கிறது? பல இடங்களில் மரமே குத்தகை மரம்.

அந்த வாசலைத் திறக்க அரசு முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. கள் இறக்கியவர்களைப் பதநீர் பக்கம் திருப்ப வேண்டியிருந்ததால், பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களைத் தொடங்கினார்கள். சங்கமே முன்பணம் தரும், சங்கமே சரக்கை எடுக்கும், லாபம் உறுப்பினருக்கு. காகிதத்தில் குறையே இல்லாத திட்டம். ஆனால் அண்ணாச்சி கடையில் ராத்திரி பத்து மணிக்கும் பணம் கிடைக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கிடைக்கும், சடங்கு என்றாலும் கிடைக்கும். சங்கத்துக்கு அலுவலக நேரம் உண்டு, படிவம் உண்டு. இதில் யார் ஜெயித்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி கடைகள் திறந்தன, 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. ஒழுக்கம், உடல்நலம் என்று இரு தரப்பிலும் நிறையப் பேசியாயிற்று. எனக்குத் தோன்றுவது வேறொன்று. கள் அன்றாடம் ரொக்கம் தந்த சரக்கு. அதற்கு வழி இருந்தவரை, கருப்பட்டிக்குக் குறைத்து விலை சொன்னால் ‘போங்க அண்ணாச்சி, கலயத்துல சுண்ணாம்பு தடவாம விட்டுடுறேன்’ என்று ஒரு பனையேறி சொல்ல முடிந்தது. 1987க்குப் பிறகு அந்தப் பேரம் செத்தது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் மரம் ஏறாமல் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனதற்கு மரத்தின் உயரம் மட்டும் காரணம் இல்லை.

ஆள் குறையக் குறையக் கருப்பட்டி விலை ஏறியது. விலை ஏற ஏறச் சீனி உள்ளே வந்தது. சீனி விலை கருப்பட்டி விலையில் கால்வாசிகூட இல்லை என்னும்போது, பாகில் இரண்டு கரண்டி கூட்டிப் போடும் ஆசை எங்கேயும் எழத்தான் செய்யும். வாயில் போட்டதும் பளீரென்று இனித்து, கடித்தால் மின்னும் கருப்பட்டி அசல் இல்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வாங்குகிறவருக்கு நாக்கு ஒன்றுதான் ஆய்வுக்கூடம். இதனால் முதலில் அடிபடுவது கலக்காமல் காய்ச்சும் குடும்பம். அவர்களுடைய சரக்குக்கும் அதே சந்தேகம், அதே விலை.

கருப்பட்டிக்கு அடுத்து இந்தக் கரையில் பிடித்த தொழில் கரிமூட்டம். சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் மூடி, உள்ளுக்குள்ளே கனியவிட்டுக் கரியாக்கி லாரி ஏற்றுகிறார்கள். சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் புகை காணாத ஊர் குறைவு. மரம் வேறு, சரக்கு வேறு. மூட்டம் போடும் கூலிக் குடும்பத்துக்கும் கரி வியாபாரிக்கும் நடுவில் முன்பணச் சிட்டை மட்டும் அதேதான்.

1978இல் பனையை மாநில மரம் என்று அறிவித்தார்கள். 2021இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் வந்தது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனைவிதையும் 1 லட்சம் கன்றும் தருவதாகச் சொன்னார்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் இன்று போடும் விதையில் ஏறிப் பாளை சீவ இன்னும் 15 வருஷமாவது ஆகும். அன்றைக்கு ஏற ஆள் இருப்பாரா என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் பதில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை சாயல்குடி வழியாகவே போவதால் இப்போது சில இளைஞர்கள் இடையில் யாரும் இல்லாமல் கைபேசி வழியாகவே சென்னைக்கும் பெங்களூருக்கும் கருப்பட்டி அனுப்புகிறார்கள். அவர்கள் காய்ச்சும் குடும்பத்துக்குச் சீசன் விலையைத் தருகிறார்களா, மழைக்கால விலையில் பங்கு தருகிறார்களா என்பதைப் பார்த்துத்தான் இதைப் புதிய வணிகம் என்று ஒத்துக்கொள்வேன்.

மகமைக் காசில் வளர்ந்த ஊர்களில் ஒன்றான சிவகாசியிலிருந்து 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீக்குச்சி செய்யக் கற்றுக்கொள்வதற்காக. அது அடுத்த வாரம்.

(தொடரும்)